பெரிய இன்வெர்ட்டர் வேண்டாம், பாப்பா

தோட்டத்து வீடு,
தாண்டிக்குடி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று கடைத்தெருவுக்குப் போனபோது சிக்னல் கிடைத்ததும் உன் மெசேஜ் வந்து விழுந்தது. போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. கணக்குச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு, அதனால் எழுதுகிறேன். அப்பா வத்தலக்குண்டு போகும்போது தபாலில் போட்டுவிடுவார்.

பொங்கலுக்குள் 2 கேவிஏ இன்வெர்ட்டரும் இன்னொரு பேட்டரியும் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். கெட்டில், உன் ஹேர் டிரையர், மாப்பிள்ளையின் லேப்டாப் எல்லாம் ஓட வேண்டும் என்று. வேண்டாம் கண்ணு. நெல் கொட்டி வைக்கும் குதிர் பெரிதானால் நெல் கூடிவிடுமா?

இங்கே நெல் என்பது வெயில். ஈபி லைன் கீழே ரோட்டோடு நின்றுவிட்டது. இருக்கிற 330 வாட் சோலார் பேனலை முதலில் கடைக்காரர் கூரையில் மாட்டிவிட்டுப் போனார். சில்வர் ஓக் நிழல் ஓரத்தில் விழுந்ததை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பேனலில் ஒரு மூலையில் நிழல் பட்டாலே வரும் கரண்டு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மரத்தை வெட்ட அப்பாவுக்கு மனசு வரவில்லை. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டாமா? கடைசியில் காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் கம்பி நட்டுப் பேனலைக் கொண்டுபோய் வைத்தோம். இப்போது நல்ல வெயில் நாளில் 1,200 வாட் அவர் போலக் கிடைக்கிறது (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர்).

பேட்டரி 12 வோல்டு, 150 ஆம்ப் அவர். பெருக்கினால் 1,800 வாட் அவர் வருகிறது, ஆனால் நான் பாதிக்குமேல் தொடுவதில்லை. அந்த 900-இலும், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தர இன்வெர்ட்டர் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். நூறுக்குப் பத்துப் பதினைந்து. வேலையே இல்லாமல் சும்மா நின்றாலும் 15 வாட் தின்னும். ஒரு நாளைக்கு 360 ஆகிறது. ஒரு 9 வாட் பல்பு 40 மணி நேரம் எரியும் கரண்டு அது! நீ அனுப்பும் பெரியது சும்மா நிற்கவே இதைவிட அதிகம் கேட்கும். அதனால்தான் ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். போன் சார்ஜரும் ரேடியோவும் கார் சார்ஜர் மாதிரி நேராக 12 வோல்டில் ஓடுகின்றன. கோடை எஃப்எம்முக்கு இன்வெர்ட்டர் எதற்கு?

கெட்டில் விஷயம் வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நான்கைந்து நிமிடம்தான், மொத்தச் செலவு பெரிதில்லை. ஆனால் அந்த நேரத்தில் 1,500 வாட்டை 12 வோல்டு பேட்டரியிலிருந்து உருவ 125 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். வயர் சுடும், இருக்கிற இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். வெந்நீருக்கு விறகு அடுப்பு இருக்கிறது. மிக்ஸி ஓடும், ஆனால் உச்சி வெயிலில் மட்டும். அப்போது பேனலும் கை கொடுக்கும். சாயங்காலம் சட்னி வேண்டுமென்றால் அம்மி. தலையை வெயிலில் காய வை.

பழைய பேட்டரி போன கதையை உனக்குச் சொல்லவில்லை, திட்டுவாய் என்று. ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போனோம். இன்வெர்ட்டரை அணைக்க மறந்துவிட்டேன். மலை முழுக்க மூட்டம், பேனலில் ஒன்றும் ஏறவில்லை. பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் மீட்டரில் 10 வோல்டுகூட இல்லை. காலியாகவே கிடந்ததில் உள்ளே தகட்டில் சல்பேட் என்ற உப்பு இறுகிவிட்டது. எவ்வளவு சார்ஜ் போட்டும் எழவில்லை. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அதிலிருந்து தினமும் வெயில் ஏறுமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். 12.5 இருந்தால் கவலையில்லை. 12.2 என்றால் பாதி தீர்ந்தது, அன்றைக்கு மிக்ஸி கிடையாது. அப்பா என்னை "ஈபி ஆபீசர்" என்கிறார்.

இன்னொன்று, ஓடித் தேய்ந்த பேட்டரியோடு புதியதை ஜோடி சேர்க்கக்கூடாது. பழையது புதியதையும் கீழே இழுத்துவிடும். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இன்னொரு பேனல் வாங்கிக் கொடு. களத்தில் இடம் இருக்கிறது. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவாக விடும் சார்ஜ் கன்ட்ரோலர் இரண்டு பேனலைத் தாங்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்.

மாப்பிள்ளையின் லேப்டாப் 60 வாட்தான், பகலில் தாராளமாகப் போடலாம். சிக்னலுக்கு நான் பொறுப்பில்லை. பேரனிடம் முன்கூட்டியே சொல்லி வை, பேட்டரி திண்ணையில் இருக்கிறது, அதன் பக்கத்தில் தீப்பெட்டி கொளுத்தக்கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து கேஸ் வரும்.

வரும்போது 5 லிட்டர் பேட்டரி தண்ணீர் கேன் ஒன்று வாங்கி வா. பேட்டரியில் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் கேனை நிமிர்த்தி வைத்துக்கொள். மலை ஏறும்போது வளைவுகளில் உருண்டு ஓடிவிடும்.

அன்புடன்,
அம்மா