கடைசி ஸஃபில் நின்ற பிள்ளைகள்

அன்பு மச்சான் காதருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. லாத்தா மகள் நிக்காஹ் பெருநாளுக்கு அப்புறம்தான். நான் போன் எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டாயாம், சின்னாப்பா சொன்னார். போனில் பேசினால் பாதியில் ஷிப்ட் என்று ஓடிவிடுவாய். இதை நீ முழுசாகக் கேட்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனேன். பயான் உரை முழுக்க ரசூலுல்லாஹ் நபிகள் நாயகத்தின் நற்குணம் பற்றித்தான். கேட்கக் கேட்க இனித்தது. தொழுது ஸலாம் கொடுத்ததுதான் தாமதம், கடைசி ஸஃபில், பின்வரிசையில், சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் ஒரு பெரியவர் பாய்ந்தார். ஒருவனைக் காதைத் திருகி வெளியே தள்ளினார். ஏழு வயது இருக்கும். விழுந்த தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான். அத்தனை பேர் இருந்தும் ஒருத்தர் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு மதியம் சோறு இறங்கவில்லை மச்சான்.

நாயகம் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் வைத்துக்கொண்டே தொழுதார்கள். நெற்றியைத் தரையில் வைக்க ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், எழுந்ததும் தூக்கிக்கொள்வார்கள். நீளமாகத் தொழவைக்க நினைத்து நிற்பார்கள். பின்னால் குழந்தை அழுதால் பெற்றவள் மனசு தவிக்குமே என்று சுருக்கிக்கொள்வார்கள். இரண்டும் புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமத்து அரபியைத் தோழர்கள் அதட்டப் போனபோது, விட்டுவிடுங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள் என்றார்கள். அனஸ் (ரலி) சிறு பையனாகப் போய்ப் பத்து வருஷம் நாயகத்துக்குப் பணிவிடை செய்தவர். ஒரு நாளும் என்னைச் 'சீ' என்றதில்லை என்கிறார். பத்து வருஷம், மச்சான்!

தாடிக்கும் தொப்பிக்கும் நீயும் நம்ம பூந்திப் பயலும் மதரஸா வாசலில் போடாத சண்டையா? தாடி சுன்னத் இல்லை, நபிவழி இல்லை என்று நான் சொல்லவில்லை, உடனே மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதிவிடாதே. தப்புச் செய்தவனிடம் நாயகம் நடந்துகொண்ட விதம் சுன்னத் இல்லையா? அதை ஏன் யாரும் அளந்து பார்ப்பதில்லை?

அல்லாஹ்வின் தூதரிடம் உங்களுக்கு அழகிய முன்மாதிரி இருக்கிறது என்ற குர்ஆன் ஆயத்து, அந்த வசனம், எந்த இடத்தில் வருகிறது என்று எடுத்துப் பார். அஹ்ஸாப் சூரா, 21ஆவது ஆயத்து. முன்னும் பின்னும் ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப் போரின் பேச்சு. வெளியே பெரும்படை, உள்ளே குளிரும் பசியும். அகழ் வெட்டும்போது நாயகமும் மண் சுமந்தார்கள். வயிறெல்லாம் புழுதி அப்பியிருந்ததைப் பார்த்ததாகத் தோழர் பரா (ரலி) சொல்கிறார். தலைவர் என்று ஒதுங்கி நிற்கவில்லை. பொறுமை போகிற நேரத்தில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்கத்தானே அந்த ஆயத்து அங்கே இருக்கிறது? நாயகத்தின் மேல் ஸலவாத் ஓதும்போது நமக்குக் கண் கலங்குவது உண்மைதான். அந்தப் பிரியம் பள்ளிவாசலுக்கு வரும் பிள்ளையிடமும் தெரிய வேண்டாமா?

அந்தப் பையனின் வாப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டத்திலும் பேசப் போகிறேன். பிள்ளைகளை அடிக்கவோ விரட்டவோ கூடாது என்று அறிவிப்புச் செய்ய வேண்டும், அவர்களைப் பெரியவர்களுக்கு நடுவே பிரித்து நிறுத்த வேண்டும். நான் சொன்னால் சின்னப் பையன் என்பார்கள். சின்னாப்பா வாய் திறந்தால் சபை கேட்கும். நீ சொன்னால் அவர் தட்ட மாட்டார். வியாழனுக்குள் அவரிடம் பேசிவிடு.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்