சும்மா விட்டவர்களுக்கு நன்றி

தோட்டத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைப் பறவைகளுக்கு ஏற்றதாக மாற்றலாம் என்று கிளம்பியபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்தரையும் பூச்செடியும்தான். முதல் வருடம் அதையே போட்டோம். பார்க்க அழகு, காக்கையைத் தவிர யாரும் வரவில்லை. அந்த வீண் அலைச்சலைப் பொறுத்துக்கொண்டதற்கு முதல் நன்றி.

“பூச்சியே இல்லாத இடத்துக்குக் குருவி எதுக்குங்க வரும்?” என்று கேட்டார் தோட்டக்கார ஐயா. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். மருந்தடிப்பதை நிறுத்தினார், மண்ணுக்குரிய புதர்களை நட்டார், உதிர்ந்த சருகைக் கூட்டாமல் விட்டார். “குப்பையாகக் கிடக்கிறதே” என்று அவரைக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மன்னியுங்கள் ஐயா.

பட்டமரத்தை வெட்டச் சொன்ன மேல்மாடி அம்மாவுக்கும் நன்றி. அவர் பயம் நியாயமானது. விழக்கூடிய கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு அடிமரத்தை விட்டுவைக்கலாம் என்று கடைசியில் வழி சொன்னவரும் அவரே. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் இப்போது மைனா குடியிருக்கிறது.

படிக்கட்டுக் கண்ணாடி விஷயம் மட்டும் மனதை அறுத்தது. பறவைக்குக் கண்ணாடி தெரியாது, அதில் தெரிகிற வானம்தான் தெரியும். நடுவில் ஒரு பருந்துப் படம் ஒட்டினோம். பறவைகள் அதை விட்டு விலகிப் பக்கத்திலேயே மோதின. அப்புறம் மூன்றாம் மாடித் தம்பி ஏணி போட்டு, வெளிப்பக்கம் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஒட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை அது. அதன்பின் கண்ணாடிக்குக் கீழே செத்த பறவை எதையும் நான் பார்க்கவில்லை.

பறவைகளுக்கு வைத்த தண்ணீரைத் தினமும் மாற்றும் பிள்ளைகளே, கொசு வரும் என்ற புகாரை அடக்கியது நீங்கள்தான். முட்டை கொசுவாகப் பறக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். நீங்கள் ஒரு நாளுக்கு மேல் விடுவதில்லையே. பூனையைக் காலையிலும் மாலையிலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் நன்றி. பூனைக்கு அதில் சம்மதமில்லை என்று தெரியும்.

வேலியோரப் புதரில் இப்போது ஒரு கூடு இருக்கிறது. எங்கே என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் கத்தரிக்கோல் வேண்டாம்.

அன்புடன்,
தரைத்தளத்துக்காரி