வீட்டு இணைப்புக் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். சென்னையின் பழைய தெருக்களில் குடிநீர்ப் பிரதானக் குழாய்களை மாற்றுவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வரவேற்க வேண்டிய வேலைதான். ஆனால் பிரதானக் குழாயிலிருந்து வீட்டுத் தொட்டிவரை வரும் இணைப்புக் குழாயை அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும். எங்கள் தெருவில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயையே புதுக் குழாயில் மாட்டி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். அப்புறமும் தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வரவே, பிளம்பரை அழைத்து வாசலில் தோண்டினோம். அரை அங்குலக் குழாய்க்குள் துரு மண்டி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அதைவிடக் கொடுமை, சாக்கடை ஓடும் வடிகாலுக்குள்ளேயே அந்தக் குழாய் குறுக்கே போனது. ஓட்டையும் சரியாக அங்கேதான்.

சில மணி நேரமே தண்ணீர் வரும் ஊரில் இது பேராபத்து. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அந்நேரம் யாராவது கைபம்பு அடித்தாலோ, மோட்டார் போட்டாலோ, சாக்கடை நீர் ஓட்டை வழியே உள்ளே இழுக்கப்படும். குளோரின் கலந்து அனுப்பிய நல்ல தண்ணீர் வீட்டு வாசலில் வந்து கெட்டுப்போகிறது. எனவே, பள்ளம் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் துருப்பிடிக்காத எம்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாயாக மாற்றி, வடிகாலுக்கு மேலாகக் கொண்டுபோய், அழுத்தச் சோதனை முடித்த பிறகே சாலை போட வேண்டும். அதற்கான செலவைக் குடிநீர் வரியோடு தவணையாக வசூலிக்கலாம்.

– ஒரு வாசகர், சென்னை