இரவு இரண்டரைக்கு விழித்துக் கிடக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம், சாதிக்காய், கசகசா மூன்றும் வாங்கி வைத்திருப்பதாகவும், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றையும் பற்றிச் சொல்கிறேன். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கக் குறைவுக்கு, மருந்தில்லாத வழிகளில் நன்றாக நிரூபணமான ஒன்று இருக்கிறது: CBT-I எனப்படும், தூங்கும் பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், நடுவில் தோராயமாக எவ்வளவு நேரம் தூங்கினீர்கள். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து, தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இனி படுக்கையில் இருக்க வேண்டியதும் அந்த ஐந்தரை மணி நேரமே. 11.30-க்குப் படுங்கள், 5 மணிக்கு எழுந்துவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் (இந்தக் கணக்கில் சுமார் 4 மணி 40 நிமிடம்) வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே 5 மணிதான்.

இது பெரும்பாலும் எங்கே கெடும் தெரியுமா? இரவு ஒன்பது மணி சீரியலில். சோபாவில் சாய்ந்தபடி இருபது நிமிடம் கண் அசந்தால், பகல் முழுக்கச் சேர்த்த தூக்கம் அங்கேயே கரைந்துவிடும். அந்த நேரத்தில் நின்றுகொண்டு துணி மடியுங்கள். நடுராத்திரி விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தூக்கம் வராது என்று தோன்றியதும் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் போனால் போதும். முதல் இரண்டு வாரம் பகலில் அசதி அதிகமாக இருக்கும், ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இதைச் செய்யக் கூடாது.

அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் வெக்கையும் (திடீரென்று சூடேறி வியர்ப்பது) தூக்கமின்மையும் இருந்த 106 பெண்கள் கலந்துகொண்டார்கள். இந்த முறையை 8 வாரத்தில் 6 தொலைபேசி அமர்வுகளில் கற்றவர்களுக்கு, பொதுவான மாதவிடாய் நிறுத்தத் தகவல்கள் மட்டும் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் கிடைத்தது. இதற்கு மருத்துவமனைக்கு நேரில் போவதுகூடத் தேவைப்படவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

குப்பென்று வியர்த்துப் போர்வையை உதறுவதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான். மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தாங்கும் எல்லை சுருங்கிப்போவதால், உடம்பு லேசாகச் சூடேறினாலும் வியர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். கம்பளிக்குப் பதில் மெல்லிய பருத்திப் போர்வை இரண்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றாக விலக்கலாம். நைலான் நைட்டி வேண்டாம். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதம் ஊறட்டும். பாதத்தின் ரத்தக் குழாய்கள் விரிந்து உட்சூடு வெளியேறும். பில்டர் காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். யோகா வெக்கையைக் குறைக்காவிட்டாலும் தூக்கத்துக்கு ஓரளவு உதவும்.

இனி உங்கள் மூன்று பொட்டலங்கள்.

அமுக்கராவுக்குத் தூக்கத்தில் சிறிய பலன் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் பலவற்றில் கொடுத்தது வேரின் செறிவூட்டிய சாறு, 300 மி.கி. வீதம் தினம் இரு வேளை, 8 வாரம். உங்களிடம் இருக்கும் சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்போடு சர்க்கரையும் சேரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. காலையில் தைராக்சின் போடும் நீங்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது தெரிந்தால் யாராயிருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

சாதிக்காயை உரைகல்லில் இரண்டு மூன்று இழைப்பு உரைத்துப் பாலில் கலப்பது வழக்கம். தூக்கம் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அளவு மீறினால் ஆபத்து உண்டு: ஒரு முழுக் காய்க்கு ஏறக்குறைய 5 கிராம் எடை, அந்த 5 கிராமே படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம் உண்டாக்கப் போதும். அது வேலை காட்டச் சில மணி நேரம் ஆகும். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொரு சிட்டிகை போடுவதுதான் தப்பாகிப்போகும் இடம்.

கசகசா அபின் செடியின் விதை. விதையின் மேலே ஒட்டியிருக்கும் செடிப்பாலில் மார்பின் என்ற மயக்கம் தரும் பொருள் இருக்கக்கூடும் என்பதால் தூக்க மாத்திரையோடு சேரக் கூடாது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகும்போது பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

மருத்துவரைப் பார்க்கும்போது குறட்டை விடுகிறீர்களா என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மாதவிடாய் நின்றபின் மூச்சுத் தடைப்படும் தூக்க நோய் அதிகமாகிறது. படுத்ததும் கால் குடைந்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். வெக்கை தாங்க முடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், வெக்கைக்கு அதைவிட வலுவான மருந்து இல்லை. மாதவிடாய் ஒரு வருடம் நின்றபிறகு மறுபடி துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே போய்விடுங்கள்.

அன்புடன்,
தங்கை