மீனாவுக்கு, உன் மகள் கேட்ட கேள்வி பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று, உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் உன்னிடம் கேட்டாளே, வைரஸ் புகுந்த செல் செத்துத்தானே போக வேண்டும், அது எப்படிப் புற்றுநோயாக வளர்கிறது என்று, அதையேதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்வது சரி, செல் சாகத்தான் பார்க்கிறது. உள்ளே ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் பி53 என்ற புரதம் பெருகி, செல்லைத் தன்னையே அழித்துக்கொள்ள வைக்கும். ஆனால் செல் போனால் வைரஸும் பெருக முடியாதே. அதனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸ் இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது: இ7 செல்லை இரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்லி விரட்டும், அதைக் கண்டு பி53 விழித்துக்கொள்ளும் என்பதால் இ6 அந்த பி53ஐப் பிடித்து, வேண்டாத புரதங்களைச் செல் சிதைக்கும் இடத்துக்கே தள்ளிவிடும். சில புற்றுநோய்களோடு தொடர்புள்ள இன்னொரு வைரஸான எப்ஸ்டீன்-பார் வேறு மாதிரி. நம் செல்களில் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் இருக்கிறதல்லவா, அதே சாயலில் ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இவ்வளவு செய்தும் புற்றுநோயால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடலே ஹெச்பிவியை விரட்டிவிடுகிறது. சிலரிடம் பல வருடம் தங்கிவிடும்போது அதன் டிஎன்ஏ உடைந்து நம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளலாம். அந்த உடைப்பில், இ6, இ7 இரண்டையும் அடக்கிவைத்த இ2 மரபணு பெரும்பாலும் அறுந்துபோகும். அப்புறம் கேட்பாரில்லை.

ஆனால் மீனா, இந்தப் புற்றுநோயில் பெரும்பாலும் பி53 மரபணு கெடுவதே இல்லை. செல் அந்தப் புரதத்தைச் செய்துகொண்டேதான் இருக்கிறது, செய்யச் செய்ய அழிகிறது. 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன, அவற்றில் இருப்பது ஹெச்பிவியின் 18ஆம் வகை. அத்தனை வருடம் ஓயாமல் பெருகிய அந்தச் செல்களில் இ6, இ7 இரண்டையும் அடக்கியதும் பி53 திரும்ப வந்தது, செல்கள் பிரிவதை நிறுத்தின. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட்டாயிற்றா? 2006லிருந்தே இருக்கிறது. நீயும் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, தேதி வாங்கியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
சுமதி