வேனுக்கு எந்த கேஸ்? மகளுக்கு ஒரு கணக்கு

அன்பு மகளுக்கு,

நீங்கள் சமைத்துத் தூங்கிப் பயணம் போகும் கேம்பர் வேனுக்கு எந்த கேஸ் சிலிண்டர் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று விலைப்பட்டியலையும் பார்த்தேன். மூன்றிலும் சிலிண்டர் விலை பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே எத்தனை கிலோ கேஸ் என்பது ஒரு மூலையில் பொடி எழுத்தில். நீ பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். எந்த சிலிண்டராக இருந்தாலும் முதலில் கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள். சிலிண்டரில் வரும் இரண்டு வகை கேஸான பியூட்டேனும் புரொப்பேனும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு சூட்டைத்தான் தரும், ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி. அதனால் இரண்டின் கிலோ விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்கு எரிபொருளாக லிட்டரில் விற்கும் ஆட்டோகேஸ் மட்டும் வேறு கணக்கு: ஒரு லிட்டர் திரவ புரொப்பேன் 0.51 கிலோதான். லிட்டர் விலையை 0.51-ஆல் வகுத்தால் கிலோ விலை வந்துவிடும்.

விலைக்கு முன்னால், நீங்கள் எவ்வளவு எரிப்பீர்கள் என்பது தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். அடுப்பு பெரிய செலவே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 15 முதல் 20 கிராம் போதும்; 1.5 கிலோவாட் பர்னரை ஒரு மணி நேரம் முழுதாக எரித்தாலும் 120 கிராம்தான். ஃப்ரிட்ஜைக் கேஸில் ஓட்டினால் ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிராம், வெயில் நாளில் இன்னும் கூடும். ஹீட்டர்தான் உண்மையில் தின்னும். ட்ரூமா காம்பி 4 என்ற வேன் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 320 கிராம். விட்டு விட்டு எரிந்தாலும் கடுங்குளிரில் நாளொன்றுக்கு 2 கிலோ போவது சாதாரணம். ஆக, கோடையில் வாரக் கடைசிகளில் மட்டும் போகிறவருக்கு ஆண்டுக்கு 10, 15 கிலோ தாண்டாது. குளிர்காலத்திலும் வேனில் தூங்குகிறவருக்கு 60 கிலோ எளிதில் ஆகும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

உங்கள் வேனில் இருப்பது கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜா, பேட்டரி, கரண்ட், கேஸ் மூன்றிலும் ஓடும் மூன்று வழி ஃப்ரிட்ஜா என்று நீ எழுதவில்லை. கம்ப்ரஸர் என்றால் அது பேட்டரியில் ஓடும், கேஸ் கணக்கில் வராது. மூன்று வழி ஃப்ரிட்ஜ் என்றால், வேனை நிறுத்தித் தங்கும் முகாமில் மின் இணைப்புக்கு நாள் கணக்கில் காசு கட்டியிருக்கும்போது அதைக் கேஸில் ஓட்டாதே. அங்கே மின்சாரம் ஏற்கெனவே காசு கொடுத்த பொருள்.

இப்போது சிலிண்டர் வகைகள். துளையிட்டோ திருகியோ மாட்டும் சின்ன கார்ட்ரிட்ஜ்கள் கிலோ விலையில் எல்லாவற்றையும் விட மோசம். வெளியே வைக்கும் ஒற்றை அடுப்புக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்தது நீல நிற கேம்பிங்காஸ் 907. அதில் 2.75 கிலோ பியூட்டேன் இருக்கும். கிலோ விலை பெரிய சிலிண்டரைப் போல இரண்டு மடங்கு, பல இடங்களில் அதற்கும் மேல். பிறகு ஏன் வாங்குகிறார்கள் என்றால், ஐரோப்பாவில் எல்லை தாண்டிப் போனாலும் காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கலாம். மற்ற கம்பெனிகளின் சிலிண்டரை அப்படிப் பக்கத்து நாட்டில் பெரும்பாலும் மாற்ற முடியாது. வால்வும் வேறு, திருகும் வேறு. சமையல் மட்டும், கோடை மட்டும், அடிக்கடி எல்லை தாண்டும் பயணம் என்றால் 907 கொடுக்கிற காசுக்குப் பழுதில்லை.

ஆனால் அதை வைத்து ஹீட்டர் ஓட்ட நினைக்காதே. பியூட்டேன் சுமார் பூஜ்யம் டிகிரியில்தான் கொதிக்கும்; புரொப்பேனோ மைனஸ் 42-இல். வெளியே 4, 5 டிகிரி இருக்கும்போதே பியூட்டேன் சிலிண்டரில் அழுத்தம் தளர்ந்துவிடும். அதோடு, திரவம் கேஸாக மாறும்போது சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. சின்ன சிலிண்டரிலிருந்து ஹீட்டர் வேகமாக இழுத்தால் அடிப்பாகம் பனி பூத்து, சுவாலை சுருங்கி, ஹீட்டர் பிழை காட்டி நின்றுவிடும். சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும். தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடையில் கொடுத்தால், காசு கொடுத்த கேஸைத் திருப்பிக் கொடுத்த கதைதான். குளிருக்குப் புரொப்பேன், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதிகம் புழங்குவது காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் சிலிண்டர். முதல் தடவை டெபாசிட் கட்ட வேண்டும். சிலிண்டர் கம்பெனிக்குச் சொந்தம், உள்ளே இருக்கும் கேஸ் மட்டுமே உனக்கு. டெபாசிட் எவ்வளவு திரும்பும், எத்தனை ஆண்டு வரை திரும்பும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடு. அளவு பெரிதாகப் பெரிதாகக் கிலோ விலை இறங்கும், ஏனென்றால் நிரப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் ஆகும் செலவு சின்ன சிலிண்டருக்கும் ஏறக்குறைய அதேதான். எனவே வேனில் சிலிண்டர் வைக்கும் லாக்கரில் அடங்கும் மிகப் பெரியதை எடு. எடையையும் பார்த்துக்கொள்: 11 கிலோ கேஸ் உள்ள இரும்பு சிலிண்டர் காலியாகவே கேஸ் அளவுக்குக் கனக்கும். அலுமினியம் என்றால் அதில் பாதி.

மாப்பிள்ளை சொல்லும் ரீஃபில் சிலிண்டர் கடைசி வகை. நாமே வாங்கி வைத்து, வேனின் பக்கவாட்டில் நிரப்பும் வாய் பொருத்தி, பங்கில் போய் ஆட்டோகேஸ் பிடிப்பது. அவர் சொல்வது தப்பில்லை, ஆனால் யாருக்குக் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாணயமாக இருந்தாலும் முறை இதுதான். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். மாற்றும் சிலிண்டர், 6 கிலோ, விலை 24. கிலோவுக்கு 4 என்று தோன்றும். ஆனால் பயணத்துக்கு நடுவில் தீர்ந்துவிடக் கூடாதென்று அரைக் கிலோ மிச்சத்தோடு மாற்றுவாய். உண்மையில் எரித்தது 5.5 கிலோ, விலை 4.36. ஆட்டோகேஸ் லிட்டர் 0.80 என்றால் கிலோ 1.57, இதில் மிச்சம் வீணாவதில்லை, அதன் மேலேயே நிரப்பிக்கொள்ளலாம். கிலோவுக்கு லாபம் 2.79. சிலிண்டர், ஹோஸ், நிரப்பும் வாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 300 ஆனால், 300-ஐ 2.79-ஆல் வகு: 107 கிலோ எரித்த பிறகுதான் போட்ட காசு திரும்பும். ஆண்டுக்கு 15 கிலோ எரித்தால் ஏழு ஆண்டு. 60 கிலோ என்றால் இரண்டு ஆண்டுகூட ஆகாது. பங்குக்குப் போய்வரும் டீசலையும் சேர்த்துக்கொள். ஆட்டோகேஸ் இல்லாத பங்குகள் நிறைய, போவதற்கு முன்பே வழியில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரீஃபில் எடுப்பதானால் சிலவற்றில் விட்டுக்கொடுக்காதே. 80 சதவீதத்தில் தானாக நிற்கும் வால்வு கட்டாயம் வேண்டும். வெயிலில் திரவம் விரியும். விரிய மேலே காலி இடம் இல்லையென்றால் சிலிண்டர் தாங்காது. இதனால்தான் கம்பெனியின் மாற்றும் சிலிண்டரில் அடாப்டர் வைத்து நாமே நிரப்புவது கூடவே கூடாது. அதில் நிறுத்தும் வால்வு இல்லை. அப்படிச் செய்து காட்டுகிறவர்களின் வீடியோவை மாப்பிள்ளை பார்த்திருந்தால் மறந்துவிடச் சொல். நிரப்பும் துப்பாக்கியின் வாயும் நாட்டுக்கு நாடு மாறும். டிஷ், பயோனெட், ஏக்மி என்று மூன்று அடாப்டர்களை வாங்கும்போதே சேர்த்துக் கேள். சில நாடுகளில் ஆட்டோகேஸில் பியூட்டேன் கலந்திருக்கும், கோடையில் கூடுதலாக. குளிர்ப்பயணத்துக்கு அதே கேஸோடு போனால் முன்னே சொன்ன தொந்தரவுதான். ஆட்டோகேஸில் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். அது ரெகுலேட்டரை அடைக்கும். ரெகுலேட்டரை சிலிண்டர் வால்வை விட உயரத்தில் சுவரில் பொருத்தி, ஹோஸ் தொடர்ந்து மேல்நோக்கியே ஏறும்படி வைத்தால் பிசுக்கு திரும்ப சிலிண்டருக்குள் வழிந்துவிடும். நடுவில் ஒரு கேஸ் ஃபில்டரும் போடச் சொல்.

எதை வாங்கினாலும் ரெகுலேட்டர் வெளியேற்றும் அழுத்தமும் அடுப்பு, ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போதைய வேன்களில் 30 மில்லிபார். சில பழைய வேன்களில் பியூட்டேனுக்கு 28, புரொப்பேனுக்கு 37 என்று தனித்தனியாக இருக்கும். புரொப்பேன் இணைப்புகளில் பெரும்பாலும் இடப்பக்கத் திருகு, இறுக்க எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மாட்டிய பிறகு சோப்பு நீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார், தீக்குச்சி வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், கீழே இறங்கித் தேங்கும். லாக்கர் தரையில் உள்ள துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைத்துவிடாதே.

மிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஒட்டுப்பட்டை, காந்த மீட்டர் இதற்கெல்லாம் செலவழிக்காதே. சிலிண்டரின் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டு; 8.4 பொறித்த சிலிண்டர் 10.9 காட்டினால் உள்ளே 2.5 கிலோ இருக்கிறது. இரண்டு மூன்று பயணங்களுக்குப் போகும்போதும் வரும்போதும் எடை போட்டுக் குறித்து வைத்தால், ஆண்டுக்கு எத்தனை கிலோ என்பது உனக்கே தெரிந்துவிடும். அதுவரை 300 செலவழிக்க வேண்டாம். மாற்றும் சிலிண்டரில், புரொப்பேனில், ஓட்டுங்கள்.

லாக்கரின் உள் உயரத்தையும் அகலத்தையும் அளந்து அனுப்பு, கதவு திறக்கும் வாயின் உயரத்தையும் சேர்த்து. உள்ளே இடம் இருந்தும் வாய் சின்னதாக இருந்தால் 11 கிலோ சிலிண்டர் நுழையாது. ஹோஸில் அச்சிட்ட தேதியையும் ஒரு போட்டோ எடு.

அன்புடன்,
அப்பா