வானம் பார்க்க முதலில் ஒரு பைனாகுலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்து திருகோணமலையின் இரவு வானம் தெளியத் தொடங்கும் மாசி மாதத்தில், வானத்தில் ஆர்வம் கொண்ட பிள்ளைக்கு எந்தத் தொலைநோக்கியை வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனாகிய என்னிடம் பெற்றோர் சிலர் வருவதுண்டு. பெட்டியில் 450 மடங்கு என்று பெரிதாக அச்சிட்டு, தொட்டாலே ஆடும் மெல்லிய முக்காலியில் நிற்கும் சிறு தொலைநோக்கியைத் தயவுசெய்து வாங்காதீர்கள் என்பதையே அவர்கள் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். அதில் நிலவைக்கூடப் பிடித்து நிறுத்த முடியாமல் பிள்ளை நான்கு நாளில் சலித்துப்போகும். அதே பணத்தில் பல வேளைகளில் எளிய பைனாகுலர் ஒன்று கிடைக்கும். அது ஆயுள் முழுக்க உதவும்.

பைனாகுலரிலும் ஏமாற இடமுண்டு. ஓய்வுபெற்ற ஆண்டில் நான் முதன்முதலாக வாங்கியது, 10 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை கூட்டிக் குறைக்கக்கூடியது என்று விற்கப்பட்ட ஒன்று. கடைக்குள் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்து மகிழ்ந்து, ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு வியாழனை நோக்கித் திருப்பியபோது ஒரு கோளுக்கு இரண்டு கோள்கள் தெரிந்தன. 30 மடங்கில் கைநடுக்கம் முழுவதும் வானத்தில் தெரிந்தது. கால் மணி நேரத்தில் நெற்றி வலித்தது. இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் பொருந்தியிருக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பின்னரே உணர்ந்தேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். மற்றவர்களுக்கும் அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பைனாகுலரின் மேல் 7x50, 10x50 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது, முன்னாலுள்ள பொருள்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். வானம் பார்ப்பவருக்கு இரண்டாவது எண்ணே முதன்மையானது, ஏனெனில் மங்கலான விண்மீன்களின் ஒளியைச் சேர்த்துத் தருவது அந்த வில்லைதான். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7x50 இல் அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர், 10x50 இல் 5 மில்லிமீற்றர். இருட்டுக்குப் பழகிய இளங்கண்ணின் மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது ஏற ஏற அது சுருங்கும். ஆகவே என் வயதினருக்கும், தெருவிளக்கு வெளிச்சம் படியும் நகரப்பகுதியில் இருப்போருக்கும் 10x50 ஏற்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அதைத் தூக்கிப் பிடிப்பது கடினம் என்பதால் 8x40 போதும். 10 மடங்குக்கு மேற்பட்டதை முக்காலி இல்லாமல் அசையாமல் பிடிப்பது கடினம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவிப்போர், உருப்பெருக்கம் மாறாத வகையையும், வில்லைகள் அனைத்துக்கும் ஒளி தெறிப்பதைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு உள்ளதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாணிக்கக்கல் போலச் சிவப்பாக மின்னும் வில்லை அழகுக்கானது. அது ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கடையிலேயே வாங்குபவர்கள் அதை வாசலுக்கு எடுத்துவந்து, தூரத்திலுள்ள தொலைபேசிக் கோபுரம் போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டும். விம்பம் இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒன்றாகத் தெரிவதற்குக் கண் இழுபட்டாலோ அதை வாங்க வேண்டாம். பிறகு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளிச்சமான சுவரை நோக்கினால் கண் வைக்கும் பக்கத்திலுள்ள பார்வைத்துண்டுகளில் இரு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டிகளான அரியங்கள் நல்லவை; ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போல மங்கினால் மலிவானவை. பழைய பைனாகுலரை வாங்குவதானால் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் வில்லையில் சிலந்தி வலை இழைபோலப் பூஞ்சணம் படரும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. புதியதையும் தோலுறையில் விடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பதே நல்லது.

சென்ற மாசியில் என் பேரனை நிலாவெளிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று சாய்மனைக் கதிரையில் படுக்க வைத்தேன். கதிரைக் கைகளில் முழங்கை ஊன்றியிருந்தால் பைனாகுலர் அசையாது. அரை மணி நேரம் கைத்தொலைபேசி வெளிச்சத்தையும் பார்க்க விடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்கினேன். வெறுங்கண்ணால் கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் ஆறு மீன்களை எண்ணியவன், பைனாகுலரை வைத்ததும், "அம்மப்பா, ஆறு இல்லை, எண்ண ஏலாமல் கிடக்குது" என்றான். பிறகு திருவாதிரை விண்மீனுக்குத் தெற்கே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்களுக்குக் கீழே, புகைபோலத் தெரியும் ஒரியன் நெபுலா என்ற வாயு முகிலைக் காட்டினேன். 1610 இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களையும், சுவரில் சாய்ந்து ஆடாமல் பிடித்தால் 10 மடங்கில் காணலாம். சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் அதை ஒருபோதும் திருப்பக்கூடாது, கண் பறிபோகும்.

நமக்கு வாய்த்த தென்வானம் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உள்ளவர்களுக்கு வாய்ப்பதில்லை. இலண்டனில் அடிவானத்துக்கு மேலே வராத ஒமேகா சென்டோரி என்ற விண்மீன் திரள், வைகாசி மாத முன்னிரவில் நம் தெற்கு வானில் ஏறத்தாழ 34 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டமும் அப்போது அதன் அருகே நிற்கும். ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு வரும் வான்படங்கள் பெரும்பாலும் வடக்கு நாடுகளின் அகலக்கோட்டுக்கு வரையப்பட்டவை. அவற்றில் இவை இரண்டும் இருப்பதில்லை, துருவ நட்சத்திரமோ நாம் காணாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே திருகோணமலையின் 8.5 பாகை அகலக்கோட்டுக்கு வரைந்த இரவு வான்படம் ஒன்றை, பைனாகுலரில் தெரிபவற்றைக் குறித்து, மாதந்தோறும் முதல் ஞாயிறு இதழில் கால் பக்க அளவிலாவது வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.